துருவ, சுற்றுச்சூழல் அறிவியலில் ஆய்வுப் பணி: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

துருவ ஆய்வுக்குள் வர விரும்பும் மாணவர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி, அண்டார்க்டிகா செல்லும் குழுவில் இடம் பெறுவது எப்படி என்பதுதான். கேள்வி இயல்பானது, ஆனால் அது முதலில் அல்ல, கடைசிக்கு முன்னால் வர வேண்டியது. இந்தத் துறையில் இருப்பவர்கள் தம் வேலை நேரத்தில் பெரும்பகுதியைக் கணினி முன்னும் ஆய்வகத்திலும்தான் செலவிடுகிறார்கள். பனியில் கழியும் சில வாரங்கள், ஏற்கெனவே ஒரு கேள்வியும் அதற்கு விடை தேடும் திறனும் கையில் உள்ளவருக்கே கிடைக்கின்றன. முதுநிலை இறுதியாண்டு மாணவர், முனைவர் பட்ட ஆய்வாளர், பட்டம் முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர் ஆகியோரை, முக்கியமாக இந்தியாவில் இருப்போரை, மனத்தில் கொண்டு கீழ்க்கண்ட படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவின் துருவ ஆய்வுகளை ஒருங்கிணைப்பது, கோவாவின் வாஸ்கோ ட காமா நகரில் உள்ள துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வுக்கான தேசிய மையம். 1998இல் தொடங்கப்பட்டு, புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்த மையத்தை என்.சி.பி.ஓ.ஆர் என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். அண்டார்க்டிகாவில் 1989 முதல் இயங்கும் மைத்ரியும், 2012இல் லார்ஸ்மன் குன்றுகளில் திறக்கப்பட்ட பாரதியும், ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் நீ-ஓலெசுண்டில் 2008 முதல் உள்ள ஹிமாத்ரியும் இந்த மையத்தின் பொறுப்பில் இருக்கின்றன. நான்காவது ஒன்றும் உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பகுதியில், 4,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் 2016இல் அமைக்கப்பட்ட ஹிமான்ஷ் நிலையம் அது. சந்திரா ஆற்றுப் படுகையின் பனியாறுகளை அங்கிருந்து கண்காணிக்கிறார்கள். துருவ அறிவியலில் களப்பயிற்சி பெற விரும்பும் இந்திய மாணவருக்கு இமயமலையே மிகவும் கைக்கெட்டும் வாசல் என்பது என் உறுதியான கருத்து. அங்கே கற்கும் பனியாற்று நிறைச் சமநிலைக் கணக்கு, அதாவது பனியாறு பெறும் பனிக்கும் இழக்கும் பனிக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும் முறை, அண்டார்க்டிகாவிலும் அப்படியே பயன்படும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் கோவாவையே நோக்க வேண்டியதில்லை. ஹிமாத்ரிக்கு அருகிலுள்ள காங்ஸ்பியோர்டன் என்னும் கடல்நுழைவில், சுமார் 190 மீட்டர் ஆழத்தில் 2014இல் நிறுவப்பட்ட இன்டார்க் என்ற கடலடிக் கண்காணிப்புத் தொகுதியை வடிவமைத்து இறக்கியதில், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கடலடியில் நங்கூரமிட்டு நிற்கும் அந்தக் கம்பிவடத்தில், வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலை, உவர்ப்பு, நீரோட்டம் ஆகியவற்றை அளக்கும் உணரிகள் கட்டப்பட்டுள்ளன. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதை மேலே இழுத்து, ஒட்டி வளர்ந்த உயிரினங்களைச் சுரண்டி நீக்கி, மின்கலங்களை மாற்றி, தரவைப் பதிவிறக்கி, அளவுகளைச் சரிபார்த்து, மீண்டும் இறக்க வேண்டும். இந்த வேலைக்குக் கருவிப் பொறியாளர், மின்னணுப் பட்டயதாரர், கடல்சார் இயற்பியலாளர் எல்லோரும் தேவைப்படுகிறார்கள். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலியில் இயங்குகிறது. அந்த நிறுவனம் மைத்ரியில் புவிகாந்த அளவீடுகளை நடத்துகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனமும் அண்டார்க்டிகாவுக்குத் தம் ஆட்களை அனுப்புகின்றன. எனவே துருவப் பணி என்பது ஒரே ஒரு மையத்தின் ஆட்சேர்ப்பு அறிவிப்புக்குக் காத்திருப்பது அல்ல.

மலேசியத் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு. மலேசியா 2011இல் அண்டார்க்டிக் உடன்படிக்கையில் சேர்ந்தது. சுல்தான் மிசான் அண்டார்க்டிக் ஆய்வு அறக்கட்டளை அங்குள்ள ஆய்வாளர்களுக்கு நிதி வழங்குகிறது.

2. கேள்வியைச் சுருக்குங்கள்

"பருவநிலை மாற்றமும் அண்டார்க்டிகாவும்" என்பது ஆய்வுத் தலைப்பு ஆகாது. ஓர் இடம், ஓர் அளவீடு, ஒரு காலம் ஆகிய மூன்றும் தெளிவாக இருந்தால்தான், ஒருவர் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் முடிக்கக்கூடிய கேள்வி உருவாகும். எடுத்துக்காட்டாக, ஆர்க்டிக்கின் காரா கடலில் கோடைக்காலக் கடற்பனி குறைவதற்கும் இந்தியாவில் பருவமழையின் கடைசிக் கட்டத்தில், குறிப்பாகச் செப்டம்பரில், பெய்யும் அதிகனமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று என்.சி.பி.ஓ.ஆர் ஆய்வாளர்கள் 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இடம், மாதம், அளவு மூன்றும் வரையறுக்கப்பட்ட கேள்வி அது. அந்த வழியில் யோசித்துப் பாருங்கள்.

சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்கள், இது புவியியலாளர்களுக்கும் வானிலை அறிஞர்களுக்கும் உரிய இடம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. பனியில் படியும் கருங்கரி, நெடுநாள் சிதையாத கரிம மாசுகள், பாதரசம், நுண்நெகிழித் துகள்கள், நிலையங்களின் கழிவுநீர், ஏரிகளின் நுண்ணுயிர்கள் ஆகிய எல்லாமே சுற்றுச்சூழல் வேதியியலும் நுண்ணுயிரியலும் அறிந்தவர்களின் வேலைதான். 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் நெறிமுறை, அண்டார்க்டிகாவில் எந்தச் செயலுக்கும் முன்கூட்டியே சுற்றுச்சூழல் மதிப்பீடு தேவை என்கிறது. இந்திய அண்டார்க்டிக் சட்டம் 2022 அதற்கான அனுமதி முறையை இந்தியாவிலும் சட்டமாக்கியிருக்கிறது. அந்த மதிப்பீட்டை எழுதவும் கண்காணிக்கவும் தெரிந்தவர்கள் தேவை.

உங்கள் கையில் உள்ள ஆய்வக ஒழுக்கத்துக்கு இங்கே மதிப்பு மிக அதிகம். துளையிட்டு எடுத்த பனித்தூணை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்ததும், உறைகுளிர் அறையில், தூய்மையாகக் கழுவிய கத்தியால் அதன் வெளிப்புறத்தை அடுக்கடுக்காகச் சீவி எறிகிறார்கள். துளையிடும் கருவியும் கையுறையும் பட்ட பகுதி அது. உள்ளே எஞ்சும் பகுதியே பகுப்பாய்வுக்குச் செல்கிறது. நூறு கோடியில் ஒரு பங்கு அளவிலான உலோகத்தைத் தேடும்போது, மாதிரி இல்லாத வெற்றுக் குப்பியையும் அதே வழியில் கொண்டுவந்து அளந்து காட்டாவிட்டால், கிடைத்த எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். ஆற்று நீர் மாதிரிகளோடு இந்தக் கவனத்தைப் பழகியவர், அதை விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

3. எங்கும் போகாமலே ஒரு சிறு ஆய்வைச் செய்து முடியுங்கள்

என் பார்வையில் இதுவே மிக முக்கியமான படி. மிகுதியாகத் தவறவிடப்படுவதும் இதுதான். துருவத் தரவுகளில் பெரும்பகுதி யாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் பனி மற்றும் உறைபனித் தரவு மையத்தில் 1978 இறுதி முதல் இன்றுவரையிலான கடற்பனிப் பரப்பளவு நாள்வாரியாகக் கிடைக்கிறது. ஜெர்மனியின் பங்கேயா தரவகத்தில் துருவப் பயணங்களின் அளவீடுகள் உள்ளன. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்களின் படங்களையும், நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் எடுக்கும் பனிமட்ட உயர அளவீடுகளையும், பழைய வானிலை அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து உருவாக்கிய இஆர்ஏ5 என்னும் வளிமண்டல மறுபகுப்பாய்வுத் தரவையும் ஒரு கணக்கு திறந்தால் எடுத்துக்கொள்ளலாம். இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கி, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார் செயற்கைக்கோளின் நோக்கங்களில் பனிப்பரப்புகளின் அசைவை அளப்பதும் ஒன்று.

முதல் பயிற்சியாக, ஆர்க்டிக் கடற்பனியின் செப்டம்பர் மாதக் குறைந்தபட்சப் பரப்பை ஆண்டுவாரியாக எடுத்து வரைபடமாக்குங்கள். 2012இல் அது சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சரிந்து, செயற்கைக்கோள் பதிவிலேயே மிகக் குறைந்த அளவாக நிற்பதைக் காண்பீர்கள். கோடு வரைவதோடு நின்றுவிடாமல், அந்த எண்கள் எப்படி வந்தன என்று படியுங்கள். காலப்போக்கில் செயற்கைக்கோள்கள் மாறியபோது அளவுகளை ஒன்றோடொன்று இணைத்தது எப்படி, துருவத்துக்கு நேர் மேலே செயற்கைக்கோள் பார்வையில் படாத வட்டத்தை எப்படிக் கையாண்டார்கள், 15 விழுக்காட்டுக்கும் மேல் பனி மூடிய கட்டங்களை மட்டும் பரப்பில் சேர்ப்பது ஏன் ஆகிய மூன்றுக்கும் விடை தெரிந்த மாணவரை நேர்காணலில் உடனே அடையாளம் காணலாம்.

அடுத்ததாக இமயமலையில் ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரா படுகையின் சமுத்ர தாபு பனியாற்றின் முன்னுள்ள ஏரி எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் பத்தாண்டுகளுக்கு ஒன்றாக எடுத்து அளக்கலாம். க்யூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளே அதற்குப் போதும். பைத்தான் அல்லது ஆர் என்னும் நிரல்மொழிகள், இரண்டில் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டு, எழுதிய நிரலையும் நான்கு பக்க அறிக்கையையும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வையுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அந்த இணைப்பு அதிகம் பேசும்.

4. ஆய்வுக் குழுவில் இடம் தேடுதல்

இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவதே பெரும்பாலோருக்கு நேர்வழி. புவி, வளிமண்டல, கடல் அறிவியல் படித்தவர்கள் சி.எஸ்.ஐ.ஆர் நடத்தும் நெட் தேர்வையும், சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்கள் யு.ஜி.சி நெட் தேர்வையும் எழுத வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் தவறான தேர்வுக்குத் தயாராகிறவர்கள் உண்டு. கேட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கு 2021 முதல் தனித்தாள் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படி நீங்கலாகக் கிடைக்கின்றன.

நெட் தேர்ச்சி இல்லாதவர்களுக்கு, நிதி பெற்ற திட்டங்களில் வரும் திட்ட உதவியாளர், திட்ட விஞ்ஞானி பணிகள் நல்ல தொடக்கம். அவை ஒப்பந்தப் பணிகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அதை அறிந்தே சேருங்கள். சேரும்போது, அந்தத் தரவைக் கொண்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய இடம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோவா தவிர, டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டேராடூனின் வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனம், ரூர்க்கியின் தேசிய நீரியல் நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் திவேசா மையம், அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் ஆகியவற்றில் பனியியல் குழுக்கள் பல காலமாக இயங்குகின்றன.

பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்டக் கூடாது. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர ஆவலாக உள்ளேன்" என்று தொடங்கி, நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்படும் கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை. கீழ்க்கண்டவாறு எழுதினால் படிக்கப்படும்:

"வணக்கம் அம்மா. நான் சுற்றுச்சூழல் அறிவியல் முதுநிலை இரண்டாமாண்டு படிக்கிறேன். பனிமேல் படியும் கருங்கரி பற்றிய உங்கள் குழுவின் கட்டுரையில், மாதிரிகள் அனைத்தும் கோடையில் எடுக்கப்பட்டவை என்று கண்டேன். குளிர்காலத்துக்கு மறுபகுப்பாய்வுத் தரவைக் கொண்டு ஒரு சிறு கணக்கீடு செய்து பார்த்தேன். வரைபடமும் நிரலும் இந்த இணைப்பில் உள்ளன. இந்தக் கேள்வியைத் தொடர உங்கள் குழுவில் வாய்ப்பு இருக்குமா? வரும் ஜூன் மாதம் நெட் தேர்வு எழுதவிருக்கிறேன்."

இதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. கட்டுரையைப் படித்ததற்கும் ஒரு வேலையைச் செய்ததற்கும் சான்று மட்டும் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். குழுவில் சேரும் முன், அங்கே முன்பு பட்டம் பெற்றவர்கள் இருவரிடமாவது தனியாகப் பேசுங்கள். கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா, பட்டம் முடிக்க எத்தனை ஆண்டு ஆகிறது, களத்தில் பெண்களுக்கு என்ன ஏற்பாடு என்பதெல்லாம் எந்த இணையதளத்திலும் இருக்காது.

5. இளம் ஆய்வாளர் அமைப்புகளில் சேருங்கள்

2007-08 சர்வதேசத் துருவ ஆண்டை ஒட்டி உருவான, ஏபெக்ஸ் என்று அழைக்கப்படும் துருவ இளம் விஞ்ஞானிகள் சங்கத்தில் உறுப்பினராகக் கட்டணம் இல்லை. வேலை, உதவித்தொகை அறிவிப்புகள் அங்கே தொடர்ந்து வருகின்றன. ஆனால் உறுப்பினர் என்று பெயர் பதிவு செய்வதால் மட்டும் பயன் சிறிது. ஏதாவது ஒரு பணிக்குழுவில் வேலை எடுத்துச் செய்தால்தான் ஆட்கள் உங்களை அறிவார்கள். பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2019இல் வெளியிட்ட பெருங்கடல், உறைபனி மண்டலம் குறித்த சிறப்பறிக்கையின் வரைவை, இந்தச் சங்கம் இளம் ஆய்வாளர்களைக் கூட்டி மதிப்பாய்வு செய்தது. ஓர் உலக அறிக்கையை வரைவு நிலையில் வரிவரியாகப் படித்துக் கருத்து எழுதும் பயிற்சி வகுப்பறையில் கிடைக்காது. உறைநிலத்தை ஆய்பவர்களுக்குத் தனியாக ஓர் இளம் ஆய்வாளர் வலையமைப்பும் உண்டு.

6. குறுகிய கால நிதி

அண்டார்க்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழு, அதாவது ஸ்கார், ஆண்டுதோறும் வழங்கும் உதவித்தொகையைக் கொண்டு, உறுப்பு நாடு ஒன்றிலுள்ள இளம் ஆய்வாளர் வேறொரு உறுப்பு நாட்டின் ஆய்வகத்தில் சில மாதங்கள் பணியாற்றலாம். இந்தியா அதில் உறுப்பினர். கருவி சார்ந்த, களநிர்வாகம் சார்ந்த திட்டங்களுக்குத் தேசிய அண்டார்க்டிக் திட்ட மேலாளர்களின் மன்றம் தனி உதவித்தொகை தருகிறது. ஆர்க்டிக்கில் ஆர்வமுள்ளவர்களுக்குச் சர்வதேச ஆர்க்டிக் அறிவியல் குழுவின் ஃபெல்லோஷிப் திட்டம் உள்ளது. வளிமண்டலம், உறைபனி, கடல், நிலம், சமூகம் என்று அதன் ஐந்து பணிக்குழுக்களும் இளம் ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஸ்வால்பார்ட் பல்கலைக்கழக மையம் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குக் களப்பயிற்சியோடு குறுகிய காலப் பாடங்களை நடத்துகிறது.

இந்த விண்ணப்பங்களில் தேர்வாளர்கள் தேடுவது ஒன்றே: அந்த ஆய்வகத்துக்குப் போனால் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது? உங்கள் ஊரிலேயே செய்யக்கூடிய பகுப்பாய்வுக்கு நிதி கேட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அழைக்கும் ஆய்வகத்தின் கடிதம் வாங்க ஒரு மாதமாவது ஆகும் என்பதால் இறுதி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

7. பயணக் குழுவில் இடம்

முதல் இந்திய அண்டார்க்டிக் பயணம் எஸ்.இசட். காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டது. அன்றிலிருந்து பயணங்கள் தொடர்கின்றன. ஆய்வு முன்மொழிவுகளுக்கான அழைப்பை என்.சி.பி.ஓ.ஆர் வெளியிடுகிறது. விண்ணப்பிப்பது நிறுவனத்தின் சார்பில்தான். மாணவர் தம் வழிகாட்டியின் முன்மொழிவில் பங்கேற்பாளராகவே இடம் பெறுவார். என்ன மாதிரி, எத்தனை, எந்த இடத்தில், எந்தக் கருவியால், கழிவு என்ன ஆகும், மாதிரிகளை எந்த வெப்பநிலையில் கொண்டுவருவது என்பதெல்லாம் முன்மொழிவில் தெளிவாக இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் கட்டாயம் தேவைப்படும் திட்டத்தைவிட, நிலையத்திலிருந்து நடந்தே செய்யக்கூடிய திட்டம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். காற்றும் பனிப்புயலும் அங்கே அட்டவணையை எளிதில் குலைத்துவிடும்.

தேர்வானவர்கள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் விரிவான உடற்பரிசோதனைக்கும், உத்தராகண்டின் அவுலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை நடத்தும் பனிப் பயிற்சிக்கும் செல்ல வேண்டும். அதன்பின் கேப் டவுன் வழியாக விமானத்திலோ கப்பலிலோ பயணம். கோடைக்குழு சில மாதங்களில் திரும்பிவிடும். குளிர்காலக் குழு ஓராண்டுக்கும் மேல் தங்கும். குளிர்காலக் குழுவில் விஞ்ஞானிகளைவிட மருத்துவர், சமையலர், மின்பணியாளர், வாகன மெக்கானிக் போன்றோரே அதிகம் தேவைப்படுகிறார்கள். அந்தப் பணிகளுக்குத் தனியாக அறிவிப்பு வரும். ஹிமாத்ரிக்குப் பயணம் இதைவிட எளிது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியா அங்கே குளிர்காலப் பயணங்களையும் நடத்துகிறது.

8. பட்டத்துக்குப் பிறகு

இந்தியாவில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தேசிய முனைவர் பட்ட மேலாய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. வெளிநாட்டில், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வதோவ்ஸ்கா-கியூரி உதவித்தொகைக்குப் பட்டம் பெற்று எட்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். செல்ல விரும்பும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. எந்த நாட்டினரும் விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளை பட்டம் பெற்ற நான்கு ஆண்டுகளுக்குள் எதிர்பார்க்கிறது.  பிரெமர்ஹாவனின் ஆல்ஃபிரட் வெகெனர் நிறுவனம், கேம்பிரிட்ஜில் உள்ள பிரிட்டிஷ் அண்டார்க்டிக் சர்வே, திரோம்சோவின் நார்வே துருவ நிறுவனம், இன்சியோனில் உள்ள கொரியத் துருவ ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் வேலைப் பக்கங்களை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். வயது, பட்ட ஆண்டு வரம்புகளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைப்பது நல்லது. தகுதியுள்ளவர்கள் நாள் கடந்துபோய் இழக்கும் வாய்ப்புகள் ஏராளம்.

நிரந்தர விஞ்ஞானி இடங்கள் குறைவு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் இந்தப் பயிற்சி ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் தேவைப்படுகிறது. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துச் சென்ற பிறகு, பனியாற்று ஏரிகளைச் செயற்கைக்கோள் படத்தில் படிக்கத் தெரிந்தவர்களின் தேவையை நீர்மின் நிறுவனங்களும் பேரிடர் மேலாண்மை அமைப்புகளும் உணர்ந்திருக்கின்றன. காத்மாண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை வளர்ச்சிக்கான சர்வதேச மையம் எட்டு நாடுகளுக்காக இதே வேலையைச் செய்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனங்கள், இத்தகைய ஆலோசகர்களின் தகுதியைச் சரிபார்க்கும் நபெட் என்னும் தேசிய வாரியத்தின் அங்கீகாரத்துக்காகக் காற்று, நீர், சூழலியல் எனத் துறைவாரியான நிபுணர்களை வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் பசுமை உதவித்தொகைத் திட்டம் இளைஞர்களை மாவட்ட நிர்வாகத்தோடு இணைத்துப் பணியாற்ற வைக்கிறது. இவற்றைத் தோல்வியுற்றவர்களின் மாற்றுவழியாகக் கருத வேண்டாம். தேவை அங்கேயும் உண்மையானது.

அடுத்த சர்வதேசத் துருவ ஆண்டு 2032-33க்குத் திட்டமிடப்பட்டுள்ளது. மைத்ரிக்குப் பதிலாக மைத்ரி-2 என்னும் புதிய நிலையத்தைக் கட்டும் திட்டத்தையும் இந்தியா அறிவித்திருக்கிறது. இன்று முதுநிலை முடிக்கும் ஒருவர் அப்போது முனைவர் பட்டம் பெற்று, சொந்தமாக முன்மொழிவு எழுதும் நிலையில் இருப்பார். இந்த வாரம் தொடங்க வேண்டுமென்றால், கடற்பனித் தரவைப் பதிவிறக்கி முதல் வரைபடத்தை வரையுங்கள். ஏபெக்ஸில் பெயரைப் பதிவு செய்யுங்கள். உங்கள் பாடத்துக்கு எந்த நெட் தேர்வு என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.